ஒளிக்கும் ஒரு பஞ்சாங்கம்: பயண ஒளிப்படக்காரர்களுக்கான செயலிகள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பயண ஒளிப்படக்கலை பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற மாதம் கேட்டிருந்தோம். எந்தக் காமிரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்றுதான் கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியைப் பற்றியவை. ஒரே பொருளில் அமைந்த சில கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஜூன் மாதம் குடும்பத்துடன் கன்னியாகுமரி சென்றேன். சூரியன் கடலில் மறைவதைப் படமெடுக்க நான்கு மணியிலிருந்தே முக்கடல் சங்கமத்தில் இடம் பிடித்துக் காத்திருந்தேன். ஆனால் அது கடலை விட்டுக் கரைப்பக்கமாக இறங்கிவிட்டது. இதை முன்கூட்டியே சொல்லும் செயலி உண்டா? (விருதுநகர் வாசகர்)

உண்டு. ஆனால் அன்று என்ன நடந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்; அது புரிந்தால்தான் செயலி காட்டும் கோடுகளுக்குப் பொருள் விளங்கும். சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைவது மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய தேதிகளை ஒட்டிய சில நாட்களில் மட்டுமே. கன்னியாகுமரியில் ஜூன் 21-ஐ ஒட்டி அது மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி வடக்கே தள்ளி மறைகிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டி அதே அளவு தெற்கே தள்ளி மறைகிறது. முனையிலிருந்து முட்டம், குளச்சல் நோக்கிச் செல்லும் கரையோ நேர் மேற்கே போகாமல் சற்றே வடக்கே ஏறிச் செல்கிறது. ஆகவே ஜூன் மாதத்துச் சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவே நிலம் வந்துவிட்டது. அதே இடத்தில் டிசம்பரில் நின்றிருந்தால் முழுக்க முழுக்கக் கடல்தான். உத்தராயணம், தட்சிணாயனம் என்று நம் பெரியவர்கள் பிரித்து வைத்ததும் இந்த நகர்வைத்தான்.

இந்தக் கணக்கைச் செயலிகள் நொடியில் போட்டுத் தருகின்றன. எனக்குப் பழக்கமானது போட்டோபில்ஸ். ஸ்பெயின் நாட்டின் மெனோர்கா தீவைச் சேர்ந்தவர்கள் உருவாக்கியது. வரைபடத்தில் நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் ஒரு குறியை வைத்துத் தேதியைத் தேர்ந்தெடுத்தால், சூரியனும் சந்திரனும் உதிக்கும் திசைக்கும் மறையும் திசைக்கும் தனித்தனி நிறத்தில் கோடுகள் விழும். சன் சர்வேயர், தி போட்டோகிராஃபர்ஸ் எஃபெமெரிஸ் ஆகியவையும் இதே வேலையைச் செய்பவை. பணம் செலவழிக்க விருப்பமில்லையென்றால் சன்கால்க் என்ற இணையதளம் சூரியனுக்கு மட்டும் இலவசமாக இதைக் காட்டும். உங்கள் ஜூன் மாத ஏமாற்றத்தைத் தவிர்க்க அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

கன்னியாகுமரிக்கு மறுபடி போவதாக இருந்தால் இன்னொன்றையும் முயன்று பாருங்கள். பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் சந்திரன் எதிர்த்திசையில் எழும். இரு பக்கமும் கடல் தெரிகிற முனையாதலால் சித்ரா பௌர்ணமிக்கு அங்கே அவ்வளவு கூட்டம். திருவள்ளுவர் சிலைக்குப் பின்னால் பெரிய நிலவு எழுவது போன்ற படம் எடுக்கப் பலரும் ஆசைப்பட்டு, சிலைக்கு அருகிலுள்ள கரையில் நின்று முயல்கிறார்கள். நிலவு சுண்டைக்காய் அளவில்தான் வரும். வானில் நிலவின் அகலம் சுமார் அரை டிகிரி மட்டுமே. ஒரு பொருளின் உயரத்தைப் போல ஏறத்தாழ 110 மடங்கு தூரத்தில் நின்றால்தான் அப்பொருளும் நிலவும் ஒரே அளவாகத் தெரியும். பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது சுமார் 40 மீட்டர் உயரமுள்ள அச்சிலைக்கு இந்தத் தூரம் கிட்டத்தட்ட நாலரைக் கிலோமீட்டர் ஆகிறது. அவ்வளவு தொலைவிலிருந்து சிலை மறைவின்றித் தெரியும் இடத்தை வரைபடத்தில் தேடி, நிலவு எழும் கோடு சிலையின் மேல் விழும் நாளைக் கண்டுபிடிப்பதுதான் செயலியின் உண்மையான பயன். நேரமும் கச்சிதமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நிலவு தன் அகலத்தளவு நகர இரண்டே நிமிடங்கள் போதும்.

ஒரு எச்சரிக்கை. காமிராக் காட்சியின் மேலேயே சூரியப் பாதையை வரைந்து காட்டும் வசதி இச்செயலிகளில் இருக்கிறது. அது செல்பேசியின் திசைகாட்டியை நம்பி இயங்குகிறது. நான் ஒருமுறை விடியலுக்கு முன் மலைமுகட்டில் அதை நம்பிக் காமிராவை நிறுத்தி வைத்தேன். சூரியனோ நான் எதிர்பார்த்த பாறையை விட்டு வெகுதூரம் வலப்பக்கம் தள்ளி எழுந்தது. செல்பேசி உறையின் மூடியில் இருந்த சிறு காந்தம்தான் காரணம் என்பது வீடு திரும்பிய பிறகே விளங்கியது. உறையைக் கழற்றி, செல்பேசியை எட்டு வடிவில் சிலமுறை சுழற்றித் திசைகாட்டியைச் சரிசெய்துகொண்டு பாருங்கள். ஐயம் இருந்தால் வரைபடக் கோட்டை நம்புங்கள். அதைக் காந்தம் கெடுக்காது.

கேள்வி: 'பொன் பொழுது' நாற்பது நிமிடம் என்றும் 'நீலப் பொழுது' பத்து நிமிடத்துக்கும் குறைவு என்றும் செயலி காட்டுகிறது. நார்வேயிலிருந்து என் உறவினர் அனுப்பும் படங்களில் மாலை வெளிச்சம் மணிக்கணக்கில் நீடிக்கிறதே, செயலியில் பிழையா? (சென்னை வாசகி)

பிழையில்லை. அடிவானத்துக்கு மேலே 6 டிகிரியிலிருந்து கீழே 4 டிகிரி வரை சூரியன் இருக்கும் நேரத்தைப் பொன் பொழுது என்றும், அதற்கும் கீழே 6 டிகிரி வரையுள்ள நேரத்தை நீலப் பொழுது என்றும் செயலிகள் கணக்கிடுகின்றன. வானம் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுழல்கிறது. நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் கிணற்றில் வாளி இறங்குவதுபோல நேர்செங்குத்தாக இறங்கிவிடும். பத்து டிகிரிக்கு நாற்பது நிமிடம், இரண்டு டிகிரிக்கு எட்டு நிமிடம் என்று கணக்கு முடிந்தது. வடக்கே போகப் போக அது சாய்வாக இறங்குவதால் அந்தி நீள்கிறது. ஆகவே வெளிநாட்டார் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, சூரியன் மறைந்த பிறகு நிதானமாக இடம் தேடலாம் என்று நினைத்தால் நமக்கு இருட்டுதான் மிஞ்சும். இடத்தையும் முக்காலியையும் வெயில் இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் பள்ளத்தாக்கை நிரப்பிய பனிமூட்டத்தையும் அதன்மேல் சூரியன் எழுவதையும் எடுக்க வேண்டும். மூன்று முறை போயும் ஒன்று மழை, அல்லது மொட்டை வானம். எந்த வானிலைச் செயலியை நம்பலாம்? (திண்டுக்கல் வாசகர்)

மழை வருமா வராதா என்பதை மட்டும் சொல்லும் செயலிகள் ஒளிப்படக்காரருக்குப் போதாது. மேகம் எந்த உயரத்தில் நிற்கும் என்பது தெரிய வேண்டும். செக் குடியரசில் 2014-இல் தொடங்கப்பட்ட விண்டி என்ற செயலியில் தாழ்மேகம், இடைமேகம், உயர்மேகம் என மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கலாம். வானம் செந்நிறமாகப் பற்றி எரிவது போன்ற விடியலுக்கு உயர்மேகமும் இடைமேகமும் ஓரளவு சிதறி இருக்க வேண்டும். சூரியன் எழும் திசையில் மட்டும் அடிவானம் திறந்திருக்க வேண்டும். தாழ்மேகம் கனத்து மூடியிருந்தால் எழுந்து போகாமல் தூங்கலாம். ஐரோப்பிய மாதிரி, அமெரிக்க மாதிரி என்ற இருவகைக் கணினிக் கணிப்பு முறைகளையும் அதே செயலியில் மாற்றி மாற்றிப் பார்க்க முடியும். இரண்டும் ஒத்துப்போனால் கிளம்புங்கள். முரண்பட்டால் அன்றைய நாள் சீட்டாட்டம்தான்.

ஆனால் நீங்கள் கேட்பது பள்ளத்தாக்குப் பனிமூட்டம். இந்த இடத்தில் எந்தச் செயலியும் தடுமாறும். ஐரோப்பிய மாதிரி நிலத்தைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது. கொடைக்கானல் நகரமும் அதன் கீழேயுள்ள சரிவும் சேர்ந்து ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியாது. எனவே நீங்களே அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: முந்தைய நாள் மழை பெய்திருக்க வேண்டும், இரவில் வானம் தெளிந்திருக்க வேண்டும், காற்று ஏறக்குறைய அசைவற்றிருக்க வேண்டும், ஈரப்பதம் நூறு விழுக்காட்டை நெருங்க வேண்டும். இந்த நான்கையும் செயலியில் தனித்தனியே பார்த்துவிடலாம். தேநீர்க் கடைக்காரரிடம் முந்தைய நாள் காலை எப்படி இருந்தது என்று கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். பல முறை அவர்தான் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

பாதுகாப்புக்காக இரண்டு செயலிகளை வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்துவேன். ஒன்று, இந்திய வானிலை ஆய்வுத் துறை 2020-இல் வெளியிட்ட மௌசம். ரேடார் படங்களும் எச்சரிக்கைகளும் அதில் கிடைக்கும். மற்றொன்று, புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி. அருகில் மின்னல் விழுவதை எச்சரிப்பது. மலையுச்சியில் உலோக முக்காலியை விரித்து நிற்பவருக்கு இதைவிட அவசரமான செய்தி வேறில்லை. கடற்கரைப் பாறைகளில் நின்று அலைகளை எடுப்பவர்களுக்கு இன்னொன்று: ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், குமரி மாவட்டம் உள்ளிட்ட தென்கரைகளுக்குக் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடுப்பதுண்டு. தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் கிளம்பிய அலைகள் இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறுவதற்கு அந்தப் பெயர். வானம் நீலமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

கேள்வி: பால்வெளியைப் படமெடுக்க லடாக்கிலுள்ள ஹான்லே செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். எந்தெந்தச் செயலிகள் தேவை? (கோவை வாசகர்)

ஹான்லே இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகம். 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் வறண்ட காற்றும் விளக்கொளி இல்லாத வானமும் சேர்ந்த இடம். போய் வாருங்கள். ஆனால் போகும் முன், விண்மீன் வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் ஹான்லேயையும் கோவையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு வியப்பு காத்திருக்கிறது. பால்வெளியின் ஒளிமிக்க மையப்பகுதி தென்வானில், தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது. ஹான்லேயில் அது அடிவானத்திலிருந்து உச்சபட்சமாகச் சுமார் 28 டிகிரிதான் எழும். கோவையின் அட்சரேகையில் 50 டிகிரி வரை ஏறும். வடநாட்டார் மலைகளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டிய காட்சி, நமக்கு வானின் நடுப்பாதிக்கு மேல் நிற்கிறது. நம்மிடம் இல்லாதது இருட்டுதான்.

அந்த இருட்டை உள்ளூரிலேயே தேடுவதற்கு ஒளி மாசு வரைபடங்கள் உதவும். செயற்கைக்கோள்கள் இரவில் பதிவுசெய்த விளக்கொளியை நிறங்களாகக் காட்டுபவை. ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வகம் அமைத்ததும் இருட்டை நாடித்தான். ஹான்லே ஆய்வகத்தை நடத்தும் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனமே அதையும் நடத்துகிறது. நம் பக்கத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை விடியலுக்கு முந்தைய மணிகளில் பால்வெளி மையம் தென்கிழக்கில் எழும். மழையும் அப்போது குறைவு. அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை அது சூரியனுக்கு அருகில் சென்றுவிடுவதால் எங்கே போனாலும் பயனில்லை.

விண்மீன்கள் கோடாக நீளாமல் எவ்வளவு நேரம் ஒளிவாங்கலாம் என்பதையும் போட்டோபில்ஸ் கணக்கிடும். ஐந்நூறைக் குவியத் தூரத்தால் வகுக்கும் பழைய வாய்பாட்டின்படி 20 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 விநாடி வருகிறது. இன்றைய நுண்ணிய சென்சார்களுக்கு அது அதிகம். செயலி சொல்லும் குறைவான எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையைச் சிவப்பு நிறத்துக்கு மாற்றும் வசதி ஸ்டெல்லேரியத்தில் உண்டு. கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒருமுறை வெள்ளைத் திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண். ஹான்லேக்கே போவதென்று முடிவானால், வேறு மாநிலத்து ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் இயங்காது, போஸ்ட்பெய்ட் மட்டுமே இயங்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். விண்மீன் வரைபடம், நில வரைபடம், அனுமதிச் சீட்டின் பிரதி எல்லாவற்றையும் வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: மலைப்பாதையில் சிக்னல் போனதும் வரைபடம் வெள்ளையாகிவிடுகிறது. என்ன செய்வது? (உடுமலைப்பேட்டை வாசகர்)

இடங்காட்டி (ஜி.பி.எஸ்.) செயற்கைக்கோளிலிருந்து வருவது. அதற்குச் செல்பேசிக் கோபுரம் தேவையில்லை. விமானப் பயன்முறையில்கூட உங்கள் இடத்தைச் சொல்லும். முதன்முறை இடம் பிடிக்கச் சற்று நேரமாகும், அவ்வளவுதான். இல்லாமற்போவது வரைபடம் மட்டுமே. கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியைத் தரவிறக்கி வைக்கலாம்; ஆனால் இணையமில்லாதபோது அது வாகன வழியைத்தான் காட்டும், நடைவழியைக் காட்டாது. நடப்பவர்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் ஏற்றவை. ஒற்றையடிப் பாதைகள்கூடப் பல இடங்களில் அவற்றில் வரையப்பட்டிருக்கும். வந்த வழியைப் பதிவுசெய்யும் வசதியைக் கிளம்பும்போதே தொடங்கிவிட்டால் மூடுபனியில் திரும்புவது எளிது.

வரைபடத்தில் பாதை இருப்பதும் அதில் நடக்க அனுமதி இருப்பதும் வேறுவேறு. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் 40 வழிகள் அறிவிக்கப்பட்டன; அவற்றுக்கு இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு செல்லலாம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போக 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்திருப்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: குற்றாலத்தில் அருவியைப் பட்டுப்போல எடுக்க, ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வாங்கினேன். ஒளிவாங்கும் நேரத்தைக் கணக்கிடத் தனிச் செயலி வேண்டுமா? (தென்காசி வாசகர்)

வேண்டியதில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும், அதனால் நேரம் இரட்டிப்பாகும். பத்து ஸ்டாப் ஃபில்டர் என்றால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ஃபில்டர் இல்லாமல் 1/30 விநாடி என்றால், போட்டபின் 34 விநாடி. ஆறு ஸ்டாப் என்றால் 64 மடங்கு. மனக்கணக்குக்கு வராதவர்கள் செல்பேசியின் சாதாரணக் கால்குலேட்டரைப் பயன்படுத்தலாம். அருவிக்கு ஒன்றிரண்டு விநாடியே அழகு என்பது என் ரசனை. முப்பது விநாடி வைத்தால் தண்ணீர் பஞ்சுமிட்டாய் ஆகிவிடுகிறது.

கேள்வி: வேடந்தாங்கலில் எடுத்த பறவைப் படங்களுக்குப் பெயர் தெரியவில்லை. குரலைக் கேட்டே பறவையைச் சொல்லும் செயலி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். (செங்கல்பட்டு வாசகி)

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் வெளியிடும் மெர்லின் அதுதான், இலவசம். நம் பகுதிக்குரிய தொகுப்பைத் தரவிறக்கிவிட்டால் இணையமில்லாமலும் இயங்கும். படத்தைக் காட்டினாலும் குரலைக் கேட்க வைத்தாலும் பெயர் சொல்லும். சில சமயம் தவறாகவும் சொல்லும். புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் உள்ள குரல் பதிவுகளை ஒலிக்கவிட்டுப் பறவையை அருகே வரவழைக்கும் பழக்கம் பரவி வருகிறது. கூடு காக்கும் பறவை, எதிரி வந்துவிட்டதென்று எண்ணி அடைகாப்பதை விட்டு எழுந்துவரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

படத்தோடு சேர்ந்து பதிவாகும் இடக்குறிப்பையும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அக்குறிப்பு நீங்கிவிடும். தரம் குறையக் கூடாதென்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போய்விடும். அரிய பறவையின் கூட்டை எடுத்திருந்தால் காமிரா அமைப்பில் இடப்பதிவை முன்னதாகவே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பயணத்திலேயே படங்களைத் திருத்த எது நல்லது? (புதுச்சேரி வாசகர்)

ஸ்நாப்சீட் இலவசம், பெரும்பாலோருக்கு அது போதும். லைட்ரூமில் வசதிகள் அதிகம், ஆனால் காமிரா சுருக்காமல் அப்படியே பதிவுசெய்யும் ரா கோப்புகளைத் திருத்தச் சந்தா கட்ட வேண்டும். எதுவானாலும் திரையின் தானியங்கி வெளிச்சத்தை அணைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்து திருத்துங்கள். வெயிலில் சரியாகத் தெரிந்த படம் இரவில் பார்த்தால் வெளிறியோ இருண்டோ இருக்கும்.

கேள்வி: கோயில்களுக்குள் செல்பேசி கொண்டுபோக முடியாது என்றாகிவிட்டது. கோபுரங்களை மட்டுமே எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் செயலிகளால் என்ன பயன்? (திருச்சி வாசகர்)

2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தமிழகக் கோயில்களுக்குள் செல்பேசியைத் தடை செய்யச் சொன்னது உண்மையே. ஆனால் கோபுரத்தை வெளியே தெருவில் நின்றுதானே எடுக்கிறீர்கள்? உங்கள் ஊர்க் கோபுரத்தையே பார்ப்போம். திருவரங்கத்து ராஜகோபுரம் தெற்கு நோக்கியது. ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை நண்பகல் சூரியன் அங்கே தலைக்கு வடக்கே நிற்கிறது. காலையிலும் மாலையிலும்கூட வடக்குப் பக்கம் சாய்ந்தே வருவதால், ஜூன் மாதத்தில் நாள் முழுவதும் அந்தத் தென்முகத்தில் நேர்வெயில் விழாது. சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். நவம்பர் முதல் ஜனவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் காலத்தில், காலை எட்டு மணிக்குத் தென்கிழக்கிலிருந்து பக்கவாட்டில் விழும் வெயில் ஒவ்வொரு சிற்பத்துக்கும் நிழல் கொடுத்துத் தூக்கிக் காட்டும். சூரியன் எந்தத் தேதியில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை வீட்டிலிருந்தபடியே பார்த்து, ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். மார்கழி காலையென்றால் மேகமூட்டத்துக்காக இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள்.